ஆற்றல் அழியாதென்றால் கரண்ட் பில் எதற்கு?

"ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்ற மட்டுமே முடியும்." பள்ளியில் இந்த வரியை மனப்பாடம் செய்யாதவர்கள் குறைவு. இரண்டு மதிப்பெண் கேள்வி, எழுதிவிட்டு மறந்திருப்போம். ஆனால் வரி நம்மை விடவில்லை. ஆன்மா அழியாது என்பதற்கும் இதைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், வீட்டில் பாசிட்டிவ் எனர்ஜி குறைகிறது என்று பரிகாரம் விற்பவரும் இதைத்தான் சொல்கிறார், தண்ணீர் ஊற்றி பைக் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வீடியோ போடுகிறவரும் இதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார். அவர்களை எல்லாம் விடுங்கள். அந்த வரியை அப்படியே நம்புகிற ஒருவருக்கும் ஒரு நியாயமான சந்தேகம் வர வேண்டும். அழியவே அழியாது என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எதற்குப் பணம் கட்டுகிறோம்? "மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்" என்று ஏன் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்தால், ஆற்றல் பற்றி ஆரம்ப நிலையில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும்.

அது ஒரு பொருள் இல்லை, ஒரு கணக்கு

ஆற்றல் என்றதும் பலர் மனதில் வருவது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு திரவம். வயர் வழியாக ஓடி வந்து ஃபேனுக்குள் புகுகிறது, இட்லி வழியாக வயிற்றுக்குள் போகிறது, பெட்ரோலுக்குள் ஒளிந்திருக்கிறது என்கிற மாதிரி. அப்படி ஒன்று கிடையாது. ஆற்றலை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும் கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. நாம் அளப்பது எடை, வேகம், உயரம், வெப்பநிலை, மின்னோட்டம் இவற்றைத்தான். அந்த அளவுகளை வைத்து ஓர் எண்ணைக் கணக்கிடுகிறோம். அந்த எண்ணுக்குத்தான் ஆற்றல் என்று பெயர். என்ன நடந்தாலும், நடப்பதற்கு முன்பும் பின்பும் எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் மாறியிருக்காது என்பதுதான் விதி. ஏன் மாறுவதில்லை என்பது ஆழமான விஷயம். 1918ல் எம்மி நோதர் என்ற ஜெர்மானியக் கணிதமேதை அதற்கு அழகான விளக்கம் கொடுத்தார். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருப்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு. இங்கே அதற்குள் போக வேண்டாம்.

ஒரு வீட்டின் பணத்தை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் வங்கியில் இருக்கிறது, கொஞ்சம் சீட்டில், கொஞ்சம் பீரோவில் ரொக்கமாக, கொஞ்சம் அம்மாவின் சிறுவாடாக அஞ்சறைப் பெட்டியில். நான்கு இடத்தில் இருப்பதால் அது நான்கு வகைப் பணம் ஆகிவிடாது. சீட்டை எடுத்து வங்கியில் போட்டால், சீட்டுப் பணம் வங்கிப் பணமாக உருமாறியது என்று யாரும் சொல்வதில்லை. இங்கே குறைந்தது, அங்கே கூடியது, அவ்வளவுதான். ரொக்கமாகக் கொடுத்தோமா, ஜிபேயில் அனுப்பினோமா என்பது அது போன வழி. வழி வேறு, இருக்கும் இடம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே போதும், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஆற்றல் இருக்கும் இடத்தை இனி இருப்பு என்போம், ஓர் இருப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை இடமாற்றம் என்போம். ஒப்பீடு இதற்கு மேல் தாங்காது. ரிசர்வ் வங்கி நினைத்தால் நோட்டு அச்சடிக்கலாம், ஆற்றலுக்கு அப்படியொரு அச்சகம் எங்கும் கிடையாது.

ஒரு ஜூல் எவ்வளவு பெரிது?

அளவு கையில் பழகாமல் இதைப் பற்றிப் பேசுவது வீண். ஆற்றலின் அளவு ஜூல். நூறு கிராம் எடையுள்ள ஒரு தக்காளியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கினால் ஏறக்குறைய ஒரு ஜூல். மிகச் சின்ன அளவு. வாட் என்பது ஆற்றலின் அளவு இல்லை, ஆற்றல் எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறது என்பதன் அளவு. நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். மின்சார மீட்டரில் ஓடும் யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் இடம் மாறும் ஆற்றல், 36 லட்சம் ஜூல். "எங்கள் வீட்டு கீசர் 2000 யூனிட்" என்று சொல்பவரைப் பார்த்தால் வாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கொண்டார் என்று புரிந்துகொள்ளலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க். பத்து மீட்டர் உயரத்துக்கு அவ்வளவு தண்ணீரையும் ஏற்ற வேண்டும் என்றால் தேவை 98,000 ஜூல். அதே சமயம் அடுப்படியில் ஒரே ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவை சுமார் 2,93,000 ஜூல். அதாவது ஒரு லிட்டர் வெந்நீர், மூன்று டேங்க் தண்ணீரை மாடிக்கு ஏற்றுவதற்குச் சமம். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் இடைவெளி குறையும், ஆனாலும் மனது ஒப்புக்கொள்ள மறுக்கும் கணக்கு இது. மோட்டார் அரை மணி நேரம் அதிகமாக ஓடிவிட்டால் பதறும் நாம், கீசர் ஓடுவதைக் கண்டுகொள்வதே இல்லை. தூக்குவது, தள்ளுவது, சுழற்றுவது எல்லாம் ஆற்றல் கணக்கில் சில்லறை. சூடாக்குவதுதான் பெரிய செலவு. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இன்னும் சில அளவுகள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் மூன்று கோடி ஜூலுக்கு மேல். 14.2 கிலோ சமையல் சிலிண்டர் சுமார் 65 கோடி, யூனிட்டில் சொன்னால் 180. சுமாரான ஓர் இட்லி 50 கிலோகலோரி என்று வைத்தால் இரண்டு லட்சம் ஜூல். 60 கிலோ மனிதர் ஒரு மாடி ஏறுவதற்கு வேண்டியது இரண்டாயிரம்கூட இல்லை. நம் தசைகள் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும் என்று கழித்தாலும் ஓர் இட்லிக்கு இருபது மாடிக்கு மேல் ஏறலாம். நடந்தே எடையைக் குறைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு வருத்தமான செய்திதான்.

இருப்புகள் எவையெவை

உயரத்தில் இருக்கும் தண்ணீர் ஈர்ப்பு இருப்பு. கண்டிப்பாகச் சொன்னால் அது தண்ணீருக்கு மட்டும் சொந்தமில்லை, தண்ணீரும் பூமியும் சேர்ந்த ஜோடிக்கு உரியது. பூமியை எடுத்துவிட்டால் "மேலே" என்பதற்கே அர்த்தம் இல்லை.

ஓடுகிற எதற்கும் இயக்க இருப்பு உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, வேகம் இரண்டு மடங்கானால் இது நாலு மடங்காகும். வண்டியும் ஆளுமாக 200 கிலோ, மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்றால் 22,500 ஜூல். 108ல் போனால் 90,000. பிரேக் பிடிக்கும்போது இவ்வளவையும் அந்தச் சின்ன டிஸ்க் வாங்கிக்கொள்ள வேண்டும். இழுத்துப் பிடித்த உண்டிவில் ரப்பரிலும் அமுக்கிய ஸ்பிரிங்கிலும் இருப்பது மீள் இருப்பு.

வேதி இருப்பு பற்றி ஒரு தவறான படம் பரவலாக இருக்கிறது. பெட்ரோலின் மூலக்கூறுகளுக்குள் ஆற்றல் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது, அதை உடைத்தால் வெளியே கொட்டும் என்று. உண்மை நேர்மாறு. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உடைக்க நாம்தான் ஆற்றல் கொடுக்க வேண்டும். பெட்ரோலும் ஆக்சிஜனும் உடைந்து, அதே அணுக்கள் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் இன்னும் இறுக்கமாகச் சேரும்போதுதான் கொடுத்ததைவிட அதிகம் திரும்பி வருகிறது. ஆகவே இந்த இருப்பு பெட்ரோலும் ஆக்சிஜனும் சேர்ந்த ஜோடிக்கு உரியது. நிலவில் ஒரு கேன் பெட்ரோலை மட்டும் வைத்துக்கொண்டு பற்ற வைக்க முடியாது.

வெப்ப இருப்பு என்பது ஒரு பொருளின் மூலக்கூறுகள் ஆளுக்கொரு திசையில் ஒழுங்கில்லாமல் துடித்துக்கொண்டிருப்பதில் உள்ளது. வெப்பநிலையும் இதுவும் ஒன்றல்ல. மத்தாப்புப் பொறி ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும், கையில் பட்டால் சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதான். பொறி அவ்வளவு சின்னது. ஒரு வாளி வெந்நீர் நூறு டிகிரியைக்கூட எட்டாது, ஆனால் கொட்டினால் மருத்துவமனைதான்.

அணுக்கரு இருப்பு, நிலைமின் இருப்பு, காந்த இருப்பு என்று இன்னும் உண்டு. கூடங்குளத்தில் நடப்பது முதலாவது. மற்ற இரண்டையும் இந்தக் கட்டுரையில் தொடப்போவதில்லை.

போகும் வழிகள்

இடமாற்றத்துக்கு வழிகள் நான்குதான். தள்ளுவது, இழுப்பது மாதிரி விசை கொடுத்து ஒன்றை நகர்த்துவது, மின்னோட்டம், சூடான ஒன்றிலிருந்து குளிர்ந்ததற்கு வெப்பம் பரவுவது, ஒளி மாதிரியான கதிர்.

கவனித்தீர்களா, மின்சாரமும் ஒளியும் இருப்புகளின் பட்டியலில் வரவில்லை. அவை வழிகள். "மின்சாரத்தைச் சேமித்து வைக்கிறோம்" என்று சொல்வது பேச்சு வழக்கு. உங்கள் போனில் இருப்பது வேதி இருப்பு, மின்சாரம் அதற்குள் போகவும் வரவும் பாதை. 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி முழுக்க நிறைந்தால் சுமார் 69,000 ஜூல். சார்ஜரில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு யூனிட்டில் நாற்பது தடவைக்கு மேல் சார்ஜ் செய்யலாம். சார்ஜரைப் பிடுங்கி வைக்காததால்தான் பில் ஏறுகிறது என்று பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர் கவனிக்கவும்.

இன்னொன்று. நெய்வேலியிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் உங்கள் வீட்டு ஃபேனுக்கு வந்து சேர்வதில்லை. மாறுதிசை மின்னோட்டத்தில் அவை நொடிக்கு 50 முறை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. எலக்ட்ரான்கள் உங்களிடம் முன்பிருந்தே இருக்கின்றன. வந்து சேர்வது ஆற்றல் மட்டும்.

இதுவரை பார்த்தது: ஆற்றல் என்பது ஓர் எண். அது இருப்புகளில் இருக்கும், நான்கு வழிகளில் இடம் மாறும், ஜூலில் அளப்போம். மின்சாரமும் ஒளியும் வழிகள், இருப்புகள் அல்ல.

கடம்பாறையில் தண்ணீர் ஏன் மலையேறுகிறது

கோவை மாவட்டத்தில் ஆனைமலைப் பக்கம் கடம்பாறையில் ஒரு மின்நிலையம் இருக்கிறது. 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 400 மெகாவாட், 1980களின் கடைசியில் வந்தது. நிலையம் மலைக்குள், நிலத்துக்கடியில். மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மேலிருந்து தண்ணீரை விட்டு மின்சாரம் எடுப்பது எல்லா நீர்மின் நிலையத்திலும் நடப்பதுதான். இங்கே விசேஷம், அதே இயந்திரங்கள் திருப்பிச் சுழன்று பம்பாகவும் வேலை செய்யும். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தட்டுப்பாடு உள்ள நேரத்தில் இறக்குவார்கள்.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் இறங்கினால் 36 லட்சம் ஜூல், சரியாக ஒரு யூனிட். கடம்பாறையின் உயர வித்தியாசமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். மொட்டை மாடி டேங்க் ஒன்றை மலையுச்சியில் வைத்தால் ஒரு யூனிட் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் உறைக்கும். அதைத்தான் நாம் சில ரூபாய்க்கு வாங்கி, பத்து லிட்டர் குளிக்கிற தண்ணீரைக் காய்ச்சி, சாக்கடையில் விட்டுவிடுகிறோம்.

ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் இரவெல்லாம் சுற்றும். இரவு இரண்டு மணிக்கு அவ்வளவு மின்சாரம் யாருக்கும் வேண்டாம். அந்த நேரத்தில் கடம்பாறையில் பம்ப் ஓடுவதாக வைத்துக்கொண்டு பாதையைப் பாருங்கள். காற்றின் இயக்க இருப்பு குறைகிறது. விசை வழியாகக் காற்றாலையின் இறக்கைக்கு, அங்கிருந்து மின்னோட்டம் வழியாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பம்புக்கு, மறுபடி விசை வழியாகத் தண்ணீரின் ஈர்ப்பு இருப்புக்கு. மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது அதே பாதை திரும்புகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு எடுத்த திட்டமும் இதே மாதிரி நிலையம்தான்.

இப்படிப்பட்ட நிலையங்களில் நூறு யூனிட் கொடுத்து ஏற்றினால் திரும்பக் கிடைப்பது 70 முதல் 80 யூனிட் வரைதான். மீதி எங்கே?

காணாமல் போனதைத் தேடியவர்

குழாய்ச் சுவரில் உரசியதில், இயந்திரத்தின் தாங்கிகளில், வயர்களில், தண்ணீருக்குள்ளேயே சுழன்று கலங்கியதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிப் போயிருக்கிறது. இதைச் சொல்வது இன்று எளிது. 1800களின் தொடக்கத்தில் சூடு என்பதே தனியொரு திரவம், பொருள்களுக்குள் ஊறிக் கிடக்கிறது என்று பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். 1798ல் மியூனிக்கில் பீரங்கிக் குழல் துளைப்பதை மேற்பார்த்த ரம்ஃபோர்டு, துளைக்கத் துளைக்கச் சூடு வற்றாமல் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து இது திரவமாக இருக்க முடியாது என்றார். முழுக்க எடுபடவில்லை.

எடுபட வைத்தவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டர் அருகே சால்ஃபோர்டில் பியர் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை, பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. 1840களில் அவர் செய்த சோதனை பார்க்க மிகச் சாதாரணம்: ஒரு பாத்திரத்தில் தண்ணீர், உள்ளே துடுப்புகள், துடுப்பைச் சுற்ற ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் எடை. எடை இறங்க இறங்கத் துடுப்பு தண்ணீரைக் கலக்கும். தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்ப்பார். திரும்பத் திரும்ப எடையை ஏற்றி, திரும்பத் திரும்ப இறக்கினாலும் சூடேறியது ஒரு டிகிரியின் சிறு பங்குதான். முன்பு பார்த்தோமே, தூக்குவது சில்லறை, சூடாக்குவது பெருஞ்செலவு என்று. அவருடைய சங்கடமே அதுதான். இன்றைய அளவில் சொன்னால், ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ எடை 427 மீட்டர் இறங்க வேண்டும். நயாகராவில் 160 அடி விழும் தண்ணீர் ஃபாரன்ஹீட் கணக்கில் ஐந்தில் ஒரு டிகிரி சூடேறியிருக்க வேண்டும் என்று 1845ல் எழுதினார்.

எடையை எப்படி இறக்கினாலும், எதைக் கலக்கினாலும், இத்தனை ஜூலுக்கு இவ்வளவு சூடு என்ற விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. அங்கேதான் "வீணாகிப் போச்சு" என்ற பேச்சு முடிவுக்கு வந்தது. வீணானதாக நினைத்தது மொத்தமும் சூட்டுக் கணக்கில் வரவாகியிருந்தது. இதே காலத்தில் ஜெர்மனியின் மேயர் என்ற மருத்துவரும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வெவ்வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847ல் இதை முழு விதியாக எழுதினார்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கணக்குப் பார்க்க முதலில் ஓர் எல்லை போட வேண்டும். அந்த எல்லைக்குள் இருப்பதை அமைப்பு என்பார்கள். எல்லைக்குள் எதுவும் வராமலும் போகாமலும் இருந்தால் மொத்தம் மாறாது. வந்தால் போனால் அதைச் சேர்த்துக் கழிக்க வேண்டும். அணையையும் தண்ணீரையும் மட்டும் எல்லைக்குள் வைத்தால் 25 யூனிட் காணாமல் போன மாதிரிதான் தெரியும். குழாய், வயர், காற்று எல்லாவற்றையும் சேர்த்தால் நூறும் இருக்கும்.

அப்படியென்றால் எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும்

ஒரு வாளியில் 20 லிட்டர் தண்ணீர். அதை ஒரே ஒரு டிகிரி சூடாக்க வேண்டியது சுமார் 84,000 ஜூல். போன் பேட்டரி நிறைய 69,000 போதும். ஆக, 31 டிகிரியில் இருக்கும் வாளித் தண்ணீர், 30 டிகிரியில் இருக்கும் வாளியைவிட ஒரு போன் பேட்டரிக்கும் அதிகமான ஆற்றலை வைத்திருக்கிறது. கையை விட்டுப் பார்த்தால் வித்தியாசம்கூடத் தெரியாது. அதை வைத்துப் போனைச் சார்ஜ் செய்ய முடியுமா? முடியாது. ஆற்றல் அங்கேதான் இருக்கிறது, ஒரு ஜூல்கூடக் குறையவில்லை. ஆனால் கோடானுகோடி மூலக்கூறுகளில் ஆளுக்குத் துளி துளியாகச் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் துடிக்கிறது. மலைமேல் இருக்கும் தண்ணீர் முழுவதும் ஒரே திசையில் இறங்கும், அதில் டர்பைனை வைக்கலாம். திசையே இல்லாத துடிப்பில் எதை வைப்பது?

சிதறுவது எளிது, சிதறியதைத் திரும்பக் குவிப்பது கடினம். இது ஆற்றல் அழிவின்மை விதி இல்லை, வேறொரு விதி. அதற்கு எண்ட்ரோபி என்று ஒரு கருத்து உண்டு, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். ஆனால் கரண்ட் பில்லுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. மின்வாரியம் உங்களுக்கு அனுப்பிய ஜூல்கள் அத்தனையும் கிட்டத்தட்ட முழுதாக உங்கள் வீட்டை விட்டு வெளியேறிவிடுகின்றன. மிக்ஸி அரைத்ததும் சூடு, விளக்கு வெளிச்சமும் சுவரில் பட்டதும் சூடு, டிவி சத்தமும் கடைசியில் சூடு; சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் ஊருக்குள் கலந்துவிடுகிறது. வந்தபோது குவிந்து, சொன்ன வேலைக்கு வளைந்து கொடுப்பதாக வந்தது. போகும்போது எதற்கும் ஆகாததாகப் போகிறது. நாம் காசு கொடுப்பது ஜூலுக்கு இல்லை, அந்தக் குவிப்புக்கு. அதுவும் வேண்டிய நேரத்தில் கிடைப்பதற்கு. நூறைக் கொடுத்து எழுபத்தைந்தை வாங்கும் கடம்பாறை நஷ்டக் கணக்காகத் தெரிந்தாலும் நடப்பதற்குக் காரணம், இரவு இரண்டு மணி யூனிட்டும் மாலை ஏழு மணி யூனிட்டும் ஒரே மதிப்பு இல்லை.

ஃபேன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 75 வாட் ஃபேன் பூட்டிய அறையில் ஓடினால், நொடிக்கு 75 ஜூல் அந்த அறையைச் சூடாக்குகிறது. குளிர வைப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கி உடம்பைத்தான் குளிர வைக்கிறது. ஆள் இல்லாத அறையில் "ரூம் கொஞ்சம் கூலாகட்டும்" என்று ஃபேனைப் போட்டுவிட்டுப் போவது, சின்ன ஹீட்டர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவது.

சுருக்கமாக: மொத்த ஆற்றல் மாறுவதில்லை, அது உபயோகப்படும் தன்மைதான் தேய்கிறது. தேயும் இடம் பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் வெப்ப இருப்பு.

ஏசி விதியை மீறுகிறதா

ஒன்றரை டன் ஏசி 1500 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டு அறையிலிருந்து 5200 வாட்டுக்கு மேல் சூட்டை வெளியேற்றுகிறது. 1500 போட்டால் 5200 எப்படி வரும்? ஆற்றல் அழிவின்மையைக் கிண்டல் செய்ய விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. ஏசி குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை, குளிர்ச்சி என்று ஒரு சரக்கே கிடையாது. அறைக்குள் ஏற்கெனவே இருந்த சூட்டை வெளியே சுமந்து போடுகிறது, 1500 வாட் அந்தச் சுமைகூலி. மாடியில் உள்ள வெளி யூனிட் கக்கும் சூடு 6700 வாட், அதாவது உள்ளிருந்து வந்த 5200ம் கூலி 1500ம் சேர்த்து. கூட்டிப் பார்த்தால் பைசா பிசகாது.

இது புரிந்தால் அடுத்ததும் புரியும்: சமையலறையைப் பூட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராது. முன்னால் எடுப்பதையும் மோட்டாரின் செலவையும் சேர்த்துப் பின்னால் அதே அறைக்குள் கொட்டுவதால், சூடுதான் ஏறும்.

கணக்கு உதைத்தபோது

இந்த விதியின்மேல் இயற்பியலாளர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு ஒரு கதை. சில அணுக்கருக்கள் எலக்ட்ரானைத் துப்பிச் சிதையும்போது கணக்கு இடித்தது. அணுக்கருவின் கணக்கில் குறைந்த அளவைவிட எலக்ட்ரான் கொண்டு போன ஆற்றல் குறைவாக இருந்தது, அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவில். அணு ஆராய்ச்சியில் பெரிய பெயரான நீல்ஸ் போர்கூட, இந்த நுண்ணுலகில் விதி சரியாகப் பொருந்தாமல் போகலாம் என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டார். 1930 டிசம்பரில் வுல்ஃப்காங் பவுலி வேறு யோசனை சொன்னார்: கண்ணில் படாத ஒரு துகள் மீதியை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆதாரம் எதுவும் கிடையாது, கணக்கில் துண்டு விழுந்தது என்பதைத் தவிர. 26 வருஷம் கழித்து, 1956ல், அமெரிக்காவில் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் வைத்து கோவனும் ரெய்ன்ஸும் அந்தத் துகளைப் பிடித்தார்கள். அதுதான் நியூட்ரினோ. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஆய்வுக்கூடம் அமைப்பது பற்றி இத்தனை வருஷம் போராட்டமும் வழக்கும் நடந்ததே, அதே நியூட்ரினோ. பேரேட்டில் விடுபட்ட வரியாகத்தான் அது முதலில் பிறந்தது.

தண்ணீரில் ஓடும் வண்டி

1996ல் மூலிகைப் பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசியது. தண்ணீரில் ஒரு மூலிகையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் எரிபொருள் வரும் என்றார்கள். பின்னால் சி.பி.ஐ. வழக்கானது, வழக்கமான பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து விற்றதாகச் சென்னை நீதிமன்றம் 2016ல் தண்டனையும் விதித்தது. வழக்கு என்ன ஆனாலும் இயற்பியல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அதன் சாம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்ப ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்கலாம், மின்சாரம் பாய்ச்சினால் பிரியும். ஆனால் பிரிக்கக் கொடுத்ததைவிட ஒரு ஜூல்கூட அதிகமாக எரியும்போது திரும்பாது, நடைமுறையில் நிறையவே குறைவாகத்தான் திரும்பும். வண்டியின் பேட்டரியை வைத்துத் தண்ணீரைப் பிரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டி, அதே ஓட்டத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது என்பது கேட்க நன்றாக இருக்கும்.

மோட்டார் ஆல்டர்னேட்டரைச் சுற்ற, ஆல்டர்னேட்டர் மோட்டாருக்கே மின்சாரம் கொடுக்க, நடுவில் ஒரு பல்பும் எரிகிற வீடியோவும் இதே ரகம். விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்று தலைப்பு இருக்கும், லட்சக்கணக்கில் பார்த்திருப்பார்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்த இருப்பு குறைந்துகொண்டிருக்கிறது? வீடியோவில் "ஸ்டார்ட் பண்ண மட்டும்" என்று சொல்லி ஒரு பேட்டரியைக் காட்டுவார்கள். அது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் உள்ளே 1.8 யூனிட் இருக்கிறது, சுமார் 65 லட்சம் ஜூல். தேய்மானத்தை எல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தால், 9 வாட் எல்.இ.டி. பல்பு அதில் எட்டு நாள் எரியும். வீடியோ பத்து நிமிடம்தான்.